பாடம் திறக்கவில்லை: பழுது யாரிடம்?

கற்பிப்பதற்கென்றே அமைத்த ஓர் இணையதளம் கற்பவரின் கணினியில் சரிவரத் திறக்காவிட்டால் அதைச் சரிசெய்யும் பொறுப்பு யாருடையது? இணையம் பொதுமக்களின் கைக்கு வந்த நாள்முதல் இந்தக் கேள்வி இருந்துவருகிறது. பயனரே உதவிப் பக்கத்தைப் படித்துச் சரிசெய்துகொள்ள வேண்டும் என்றனர் சிலர். எந்தக் கணினியிலும் திறக்கும்படி தளத்தை அமைப்பது நடத்துபவரின் கடமை என்றனர் வேறு சிலர். பொதுத் தரம் ஒன்று வந்துவிட்டால் சிக்கல் தானே அகன்றுவிடும் என்பது மூன்றாம் தரப்பின் வாதம். பழைய பாடங்கள் ஓடுவதற்கு ஏற்ற பழைய சூழலையும் சேர்த்துப் பாதுகாக்க வேண்டும் என்பது அண்மைக் காலத்தில் வலுப்பெற்றிருக்கும் நான்காம் நிலைப்பாடு.

இந்த நான்கையும் எடைபோடத் தமிழ்க் கல்வித் தளங்களின் தொடக்க கால வரலாறு நல்ல களம். ஆங்கிலத் தளமொன்றில் பழுது ஏற்பட்டால் படமோ ஒலியோ வராமல் போகலாம். பாடத்தின் எழுத்தாவது பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியும். தமிழ்த் தளத்தில் முதலில் காணாமல் போனதே எழுத்துதான். ஆகவே பொறுப்பு யாருடையது என்ற கேள்வி இங்கே கூடுதல் கூர்மையோடு எழுந்தது.

கேள்வியின் பின்னணி

இந்தியாவில் பொதுமக்களுக்கான இணையச் சேவையை வி.எஸ்.என்.எல். 1995 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. அதே ஆண்டில் சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமியின் முயற்சியால் அந்நாட்டின் மற்ற மூன்று மொழிக் கவிதைகளோடு தமிழ்க் கவிதைகளும் இணையத்தில் ஏறின. தமிழின் முதல் இணையப் பக்கங்களுள் ஒன்றாக அது எண்ணப்படுகிறது. 1998 பொங்கலன்று கு. கல்யாணசுந்தரத்தின் ஒருங்கிணைப்பில் மதுரைத் திட்டம் தொடங்கி, தமிழ் இலக்கியங்களைத் தன்னார்வலர் உழைப்பால் மின்பதிப்புகளாக்கத் தொடங்கியது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டில் இணையவழித் தமிழ்ப் பல்கலைக்கழகத்துக்கான அறிவிப்பு வந்தது. வா.செ. குழந்தைசாமியின் தலைமையில் திட்டம் உருப்பெற்று, 2001 பிப்ரவரி 17 அன்று தமிழ் இணையப் பல்கலைக்கழகம் தொடங்கப்பட்டது. இன்றைய தமிழ் இணையக் கல்விக்கழகம் அதன் தொடர்ச்சி.

அதன் முதன்மை நோக்கங்களில் ஒன்று, உலகெங்கும் பரவி வாழும் தமிழர்களின் பிள்ளைகளுக்கு மொழியைக் கற்றுத்தருவது. மாணவர் ஒரு நாட்டில், ஆசிரியர் வேறொரு நாட்டில், கணினியும் இயங்குதளமும் ஆளுக்கொரு வகை. பழுது ஏற்பட்டால் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துச் சொல்ல யாரும் இல்லை.

இத்தனைக்கும் அடியில் இருந்தது ஓர் இட நெருக்கடி. அக்காலக் கணினி எழுத்துருக்களில் மொத்தம் 256 இடங்களே இருந்தன. முதல் 128 இடங்கள் ஆங்கிலத்துக்கும் கட்டளைக் குறிகளுக்கும் போய்விட, எஞ்சியவற்றில் தமிழை அடக்க வேண்டியிருந்தது. 247 எழுத்துகளையும் தனித்தனியே வைக்க இடமில்லை. எவற்றை முழுதாக வைப்பது, எவற்றைத் துண்டுகளாக்கி ஒட்டுவது என்பதை ஒவ்வோர் எழுத்துரு தயாரிப்பாளரும் தம் விருப்பப்படி முடிவுசெய்தார். ஓர் எழுத்துருவில் எழுதியதை இன்னோர் எழுத்துருவில் படிக்க முடியாத நிலை இதன் விளைவு.

அறிகுறியும் காரணமும்

விடைகளுக்குப் போகுமுன் பழுதின் வகைகளைப் பிரித்துக்கொள்வது நல்லது. 'எழுத்து சரியாக வரவில்லை' என்று பயனர் சொல்லும் ஒரே வாக்கியத்துக்குள் குறைந்தது நான்கு வெவ்வேறு பழுதுகள் இருக்கக்கூடும்.

முதலாவது, ஐரோப்பிய எழுத்துகளும் குறிகளும் கலந்த குழப்பம். திஸ்கி என்னும் குறியாக்க முறையில் எழுதிய 'தமிழ்' என்ற சொல்லை அதற்குரிய எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் நான்கு குறிகள் தெரியும்: முக்கால் என்ற பின்னக் குறி, தலைமேல் கோடிட்ட 'ஏ', அமெரிக்கச் சென்ட் குறி, தலைமேல் கோடிட்ட 'யு'. பார்க்க அலங்கோலமாக இருந்தாலும் உள்ளே தரவு முழுதாக இருக்கிறது. உரிய எழுத்துருவைச் சேர்த்தால் சொல் திரும்ப வந்துவிடும்.

இரண்டாவது, வரிசையாக வெற்றுக் கட்டங்கள். இது பெரும்பாலும் ஒருங்குறி (யூனிகோடு) உரைக்கு நேர்வது; குறியெண்கள் சரி, அவற்றை வரைந்துகாட்டும் தமிழ் எழுத்துரு மட்டும் கணினியில் இல்லை.

மூன்றாவது, உடைந்த உயிர்மெய். 'கொடி' என்ற சொல்லில் 'கொ' சேர்ந்து நிற்காமல், 'க' தனியாகவும், கொம்பும் காலும் ஒரு புள்ளிவட்டத்தைச் சூழ்ந்து தனியாகவும் நிற்கும். எழுத்துரு இருக்கிறது, துண்டுகளை இணைத்து எழுத்தாக்கும் மென்பொருள் பகுதி இயங்குதளத்தில் இல்லை அல்லது இயக்கப்படவில்லை.

நான்காவது, தொடர் கேள்விக்குறிகள். பார்வைக்கு இதுவே எளியது, உண்மையில் மிகக் கொடியது. தளத்தின் தரவுத்தளமோ இடையில் வந்த மென்பொருளோ புரியாத எழுத்தையெல்லாம் கேள்விக்குறியாக மாற்றிச் சேமித்துவிட்டது என்பதே பெரும்பாலும் இதன் பொருள். அப்படியானால் எந்த எழுத்துருவும் அந்தப் பாடத்தை மீட்டுத் தராது.

முதல் மூன்றும் பயனரின் கணினியில் தீரக்கூடியவை; நான்காவது வழங்குபவரிடம் மட்டுமே தீரக்கூடியது. பொறுப்பு பற்றிய விவாதங்கள் பலவும் இந்த வேறுபாட்டைக் கவனிக்காமல் நடந்தன என்றே தோன்றுகிறது.

முதல் விடை: பயனரே சரிசெய்யட்டும்

இணையம் பல்கலைக்கழகங்களிலும் ஆய்வுக்கூடங்களிலும் வளர்ந்தது. அங்கே பயனர் என்பவர் பெரும்பாலும் கணினி அறிந்தவர். வழிமுறையை எழுதி வைத்தால் போதும், செய்துகொள்வார் என்ற எண்ணம் அங்கிருந்து பிறந்தது. அக்காலத் தமிழ்த் தளங்கள் பலவற்றின் முகப்பில் எழுத்துருவைத் தரவிறக்கச் சொல்லும் இணைப்பு இருந்தது இதனால்தான். சுருக்கிய கோப்பை இறக்கி விரிக்க வேண்டும். கன்ட்ரோல் பேனலில் எழுத்துரு உறையைத் திறந்து அதில் சேர்க்க வேண்டும். பிறகு உலாவியின் குறியாக்கப் பட்டியலில் 'யூசர் டிஃபைண்ட்' என்பதைத் தேர்ந்து, அதற்கு அந்த எழுத்துருவை ஒதுக்க வேண்டும்.

இந்த நிலைப்பாட்டைக் குறைத்து மதிப்பிட முடியாது. பணமின்றித் தன்னார்வலர்களால் நடந்த மதுரைத் திட்டம் போன்ற முயற்சிகளுக்கு வேறு வழி அன்று கையில் இல்லை. வழிமுறையைப் பின்பற்றியவர்களுக்குப் பாடம் திறந்தது. பலர் அதன்வழியே கணினியையும் கற்றுக்கொண்டனர்.

எனினும் இதன் குறைகள் ஆழமானவை. முதல் குறை தர்க்கம் சார்ந்தது. உதவிப் பக்கத்தை அதே எழுத்துருவில் தமிழில் எழுதினால், உதவி தேவைப்படுபவரால் அதைப் படிக்கவே முடியாது. ஆங்கிலத்தில் எழுதினால், தமிழ் மட்டுமே அறிந்தவர் வெளியே நிற்பார். இரண்டாவது குறை இடம் சார்ந்தது. வீட்டில் கணினி இல்லாதவர்கள் பிரவுசிங் சென்டரை நம்பியிருந்தனர். அங்கே எழுத்துருவை நிறுவும் அனுமதி பல நேரங்களில் கிடைப்பதில்லை. கிடைத்தாலும், மறுமுறை வேறு கணினியில் உட்கார நேர்ந்தால் எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்ய வேண்டும். மூன்றாவதாக, 'யூசர் டிஃபைண்ட்' அமைப்புக்கு ஒரு நேரத்தில் ஓர் எழுத்துருவையே ஒதுக்க முடியும். ஒரு தளத்துக்காகச் செய்த மாற்றம் இன்னொரு தளத்தைக் கெடுக்கும்.

இவற்றுக்கு மேல் ஒன்று உண்டு. பாடம் திறக்காதபோது தனக்குத்தான் கணினி தெரியவில்லை என்று கற்பவர் நினைத்துக்கொள்கிறார். புகார் சொல்லாமலே விலகியவர்கள் எத்தனை பேர் என்ற கணக்கு எந்தத் தளத்தின் பதிவேட்டிலும் ஏறாது. ஆகவே இந்த முறை எந்த அளவு வெற்றி பெற்றது என்பதை மதிப்பிடுவதும் கடினம்.

இரண்டாம் விடை: தளமே சுமக்கட்டும்

பயனரிடம் எதையும் கேட்கக் கூடாது. பாடம் வரும்போது அதைப் படிப்பதற்கான கருவியும் கூடவே வர வேண்டும். இந்த எண்ணத்துக்கு 1997இல் இரண்டு பெரிய உலாவிகளும் வழி திறந்தன. நெட்ஸ்கேப் 4, பிட்ஸ்ட்ரீம் நிறுவனத்தின் ட்ரூடாக் நுட்பத்தைக் கொண்டு எழுத்துருவைப் பக்கத்தோடு அனுப்ப இடம் தந்தது. மைக்ரோசாஃப்டின் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 4 தனக்கென வேறொரு கோப்பு வகையை வைத்துக்கொண்டது. இயங்கெழுத்துரு என்று இவற்றைத் தமிழ்த் தளங்கள் பெரும் நம்பிக்கையோடு வரவேற்றன.

ஆனால் ஒன்றின் கோப்பு மற்றதில் வேலை செய்யவில்லை. தளம் நடத்துபவர் இரண்டையும் தயாரித்து வைக்க வேண்டியிருந்தது. 2000இல் வந்த நெட்ஸ்கேப் 6 ட்ரூடாக் ஆதரவைக் கைவிட்டதும், அதை நம்பியிருந்த பக்கங்கள் புதிய உலாவியில் மீண்டும் புரியாத குறிகளாயின. பக்கத்தில் யாரும் கை வைக்கவில்லை. உலாவி மாறியது, பாடம் மறைந்தது.

பக்கத்தையே படமாக்கி ஏற்றுவது இன்னொரு வழி. எழுத்துருச் சிக்கல் முற்றிலும் தீர்ந்தது, எடை கூடியது. 200 கிலோபைட் படம் ஒன்று 56 கே மோடத்தில், முழு வேகம் கிடைத்தால்கூட, இறங்கி முடிய ஏறத்தாழ அரை நிமிடம் ஆகும். அப்போதைய தொலைபேசி இணைப்புகளில் முழு வேகம் கிடைப்பது அரிது. மேலும் படத்துக்குள் இருக்கும் சொல்லைத் தேட முடியாது, நகலெடுக்க முடியாது; பார்வையற்றவரின் திரைவாசிப்பான் அதைப் படிக்காது.

பி.டி.எஃப். கோப்பு இரண்டுக்கும் நடுவழி. எழுத்துருவைத் தனக்குள் வைத்துக்கொள்வதால் எங்கும் ஒரே மாதிரி தெரியும். மதுரைத் திட்டமும் தன் பதிப்புகளை இவ்வடிவில் வழங்கியது. ஆனால் பழைய எழுத்துருவில் உருவான பி.டி.எஃப்.பில் ஒரு சொல்லை நகலெடுத்து ஒட்டிப் பார்த்தால் அதே ஐரோப்பியக் குறிகள்தான் வரும். கண்ணுக்குத் தமிழ், கணினிக்கு இன்னும் குழப்பம்.

அசைவுப் படங்களும் ஒலியும் கொண்ட பாடங்களுக்கு ஃபிளாஷ், ஜாவா, ரியல்பிளேயர் போன்ற இணைப்பு மென்பொருள்களை நாடியது உலகெங்கும் நடந்தது. அமெரிக்காவில் கொலராடோ பல்கலைக்கழகத்தில் இயற்பியலாளர் கார்ல் வீமன் 2002இல் தொடங்கிய ஃபெட் செய்முறை விளக்கங்கள் ஜாவாவிலும் ஃபிளாஷிலுமே எழுதப்பட்டன. பின்னாளில் அவற்றை எச்.டி.எம்.எல். 5 வடிவில் திரும்ப எழுத வேண்டி வந்தது. நிலையான குழுவும் நிதியும் உடைய திட்டத்தால் அது முடிந்தது. சிறிய குழுக்கள் பலவற்றுக்கு அத்தகைய வாய்ப்பு கிடைப்பதில்லை.

மூன்றாம் விடை: பொதுத் தரம்

ஒவ்வொரு தளமும் தனித்தனியே போராடுவதை விட்டு எல்லாரும் ஒரே குறியாக்கத்துக்கு வந்துவிடலாம் என்ற குரல் 1990களின் பிற்பகுதியில் வலுத்தது. அதிலும் மூன்று கிளைகள் இருந்தன.

இணையத்தில் கூடி விவாதித்த ஆர்வலர்கள் உருவாக்கியது திஸ்கி. தமிழ்நெட் 99 மாநாட்டையொட்டித் தமிழக அரசு ஏற்றவை தமிழுக்கு மட்டுமான டாம், தமிழும் ஆங்கிலமும் சேர்ந்த டாப். உலக மொழிகள் அனைத்துக்குமான யூனிகோடு, அதாவது ஒருங்குறி, 1991இல் வெளிவந்த முதல் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் ஒதுக்கியிருந்தது.

திஸ்கியின் பலம் அன்றைய கணினியிலேயே ஓடியது. அதன் பலவீனம் 256 இடங்களின் நெருக்கடியை அது தாண்டாதது. 173ஆம் இடத்தை எடுத்துக்கொள்வோம். தொடக்கத்தில் 'இ' அங்கே வைக்கப்பட்டிருந்தது. ஐரோப்பியக் குறியாக்கத்தில் அது வரி முறியும்போது மட்டும் தெரியும் மென்கோட்டின் இடம். சில மென்பொருள்கள் அதைக் காட்டாமல் விழுங்கிவிட, 'இலக்கியம்' என்ற சொல் தலையிழந்து நின்றது. பின்னர் அந்த எழுத்தை வேறிடத்துக்கு மாற்ற வேண்டியதாயிற்று. டாம், டாப் முறைகளுக்கு அரசின் ஏற்பு இருந்தது. ஆனால் வெளிநாடுகளில் திஸ்கி பரவலாகியிருந்ததால் தமிழ் இணையம் இரண்டாகப் பிரிந்து நின்றது.

ஒருங்குறியின் நிலை வேறு. தரம் இருந்தது, அதைத் தாங்கும் கணினி இல்லை. விண்டோஸ் 95, 98 ஆகியவற்றில் அதற்கு முறையான தமிழ் ஆதரவு கிடையாது. விண்டோஸ் 2000இல்தான் லதா எழுத்துருவோடு தமிழ் வந்தது. அதற்கடுத்த எக்ஸ்பியிலும் மொழி அமைப்புகளுக்குள் போய்ச் சிக்கலான எழுத்துமுறைகளுக்கான கட்டத்தைக் குறியிட வேண்டும்; பெரும்பாலும் விண்டோஸ் குறுந்தகட்டையும் கேட்கும். அது கைவசம் இல்லாதவருக்கு உடைந்த உயிர்மெய்தான். ஆக, பயனரின் சுமையை நீக்க வந்த தரம் அதன் தொடக்க ஆண்டுகளில் அதே சுமையை வேறு வடிவில் அவர் தலையில் வைத்தது.

ஒருங்குறியின் அமைப்பு குறித்த மறுப்புகளும் உண்டு. உயிர்மெய்களைத் தனி எழுத்தாக ஏற்காமல் மெய்வரிசைக் குறியையும் உயிர்க்குறியையும் சேர்த்து எழுதவைப்பது தமிழ் இலக்கண மரபுக்கு ஒவ்வாது. கோப்பின் அளவும் கூடுகிறது என்பர். யூ.டி.எஃப். 8 வடிவில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட் எடுத்துக்கொள்கிறது, திஸ்கியில் ஒன்றுதான். இதற்கு மாற்றாக எல்லா எழுத்துகளுக்கும் தனியிடம் தரும் டேஸ் 16 முறை முன்வைக்கப்பட்டு, 2010 ஜூனில் தமிழக அரசு ஒருங்குறியோடு அதையும் தரமாக அறிவித்தது. எனினும் அது தனிப் பயன்பாட்டுக்கென விடப்பட்ட பகுதியில் அமைந்திருப்பதால், அதற்கான எழுத்துரு இல்லாத கணினியில் உரை தெரியாது. பழைய சிக்கல் அந்த வாசல் வழியே மீண்டும் நுழையும் அபாயம் இருக்கிறது.

கைப்பேசி வந்தபோது வரலாறு சிறிது காலம் திரும்பியது. தொடக்க கால ஆண்ட்ராய்டு கருவிகளில் தமிழ் வெற்றுக் கட்டங்களாகவே தெரிந்தது. ஓப்பரா மினி உலாவியின் உள்ளமைப்பில், சிக்கலான எழுத்துகளைப் படமாக வரைந்து அனுப்பச் சொல்லும் ஒரு தேர்வு இருந்தது; தமிழ் வாசகர்கள் பலர் அதைக் கொண்டே சமாளித்தனர். இன்று புதிய கருவிகள் தமிழை இயல்பாகக் காட்டுகின்றன. நான்கு விடைகளுள் மிகவும் நீடித்த பலனைத் தந்தது பொதுத் தரமே என்று கொள்ள இடமிருக்கிறது.

நான்காம் விடை: பழைய சூழலைப் பாதுகாத்தல்

தரம் புதிய பாடங்களுக்கு வழி காட்டும். ஏற்கெனவே எழுதப்பட்டவை என்ன ஆவது? இங்கிருந்து நான்காம் நிலைப்பாடு கிளைக்கிறது. இன்டர்நெட் ஆர்க்கைவ் என்னும் காப்பகம் 1996 முதல் இணையப் பக்கங்களைச் சேமித்துவருகிறது. 2001இல் அவற்றைப் பொதுமக்கள் பார்க்கும் வசதியைத் திறந்தது. அடோபி நிறுவனம் ஃபிளாஷுக்கான ஆதரவை 2020 டிசம்பர் 31 அன்று நிறுத்தியபோது, ஃபிளாஷைப் போலவே இயங்கும் ரஃபிள் என்னும் மென்பொருள் பழைய ஃபிளாஷ் கோப்புகள் பலவற்றை மீண்டும் ஓடவைத்தது.

தமிழில் இதற்கு இணையான பணியைச் செய்தவை எழுத்துரு மாற்றிகள். சுரதா என்பவரின் பொங்குதமிழ் மாற்றியில் பழைய உரையை ஒட்டினால் ஒருங்குறியில் கிடைக்கும். பெரும் நிறுவனங்கள் கவனிக்காத இந்த வேலையைத் தனியாட்கள் இலவசமாகச் செய்து தந்தனர் என்பது பதிவு செய்யத்தக்கது.

இந்த விடையின் எல்லைகளும் தெளிவானவை. காப்பகத்தில் பக்கம் இருக்கும், அதன் எழுத்துருக் கோப்பு இல்லாமல் போகலாம். பாடம் இருக்கும், பயிற்சி வினாக்களைத் திருத்தும் சேவையகம் இருக்காது. மாற்றிக்கு எந்தக் குறியாக்கம் என்று முதலில் தெரிய வேண்டும்; ஒரே பக்கத்தில் ஆங்கிலமும் இரண்டு எழுத்துருக்களும் கலந்திருந்தால் மனிதக் கண் பார்த்துத் திருத்தாமல் முடியாது. இழப்பின் அளவும் சிறிதல்ல. 2013இல் இருந்த இணையப் பக்கங்களில் 38 விழுக்காடு பத்தாண்டுகளுக்குப் பின் கிடைக்கவில்லை என்று அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 2024இல் தெரிவித்தது. தமிழ்ப் பக்கங்களுக்கு அத்தகைய தனிக் கணக்கெடுப்பு தேவை.

மதிப்பீடு

நான்கு விடைகளையும் ஒன்றாக வைத்துப் பார்த்தால், அவை ஒன்றையொன்று மறுப்பதைவிட வெவ்வேறு காலத்துக்கும் வெவ்வேறு பழுதுக்கும் உரியவை என்பது புலப்படுகிறது. உதவிப் பக்கம் அவசர மருந்து. அன்றைய நாளைக் கடக்க உதவியது. தளமே சுமக்கும் முறைகள் சில ஆண்டுகள் தாங்கி, சார்ந்திருந்த நிறுவனம் கைவிட்டதும் சரிந்தன. பொதுத் தரம் தாமதமாகப் பலித்து நிலைத்தது. பாதுகாப்பு முயற்சிகள் இடைவெளியில் விழுந்தவற்றில் ஒரு பகுதியை மீட்டன.

தீராமல் நிற்கும் கேள்விகள் மூன்று. பழைய குறியாக்கத்தில் உறைந்திருக்கும் பி.டி.எஃப். நூல்களையும் பாடங்களையும் ஒருங்குறிக்குக் கொண்டுவரும் செலவை யார் ஏற்பது? ஊடாட்டப் பாடம் ஒன்றில் எதைக் காப்பாற்றினால் பாடம் காப்பாற்றப்பட்டதாகும், உரையையா, அசைவையா, பயிற்சியையா? பழுதைக் கண்டு புகார் சொல்லாமல் விலகும் கற்பவரை எப்படி அறிவது? இவற்றுக்கு இன்றைய நிலையில் உறுதியான விடை இல்லை.

பொறுப்பு பற்றிய முதல் கேள்விக்கு மட்டும் ஓரளவு துணிந்து பதில் சொல்லலாம். கற்பவரிடம் மிகக் குறைவாகக் கேட்ட தீர்வே மிக நீண்ட காலம் நிலைத்திருக்கிறது. ஆகவே பழுதைக் கண்டறியும் முதல் கடமை வழங்குபவருடையது. இன்று குறிப்பிட்ட செயலி, குறிப்பிட்ட உலாவி, புதிய கைப்பேசி இருந்தால்தான் பாடம் திறக்கும் என்ற நிபந்தனையோடு கல்வித் தளங்களை அமைப்பவர்கள் இந்த முப்பதாண்டு அனுபவத்தைக் கருத்தில் கொள்ள வேண்டும். பாடத்தின் உரையை ஒருங்குறியில் தனியாகவும் வையுங்கள்; மூலக் கோப்புகளை அழிக்காதீர்கள்; மிக மலிவான கருவியில் திறந்து பார்த்துவிட்டு வெளியிடுங்கள்; அறிகுறியைச் சொன்னால் காரணத்தைச் சொல்லும் உதவிப் பக்கத்தைக் கற்பவர் அறிந்த மொழியில் எழுதுங்கள். இந்த நான்குக்கும் பெரும் நிதி வேண்டியதில்லை.